ஐயோனியன் கடலில் எட்டுப் பேருக்கு ஒரு கேட்டமரான்: ஸ்கிப்பர் வைப்பதா, நானே ஓட்டுவதா?

முகில், மியூனிக் | ஜனவரி 11

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூனில், பெந்தெகொஸ்தே பள்ளி விடுமுறையில், மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் பாய்மரப் படகு எடுத்துச் சுற்றலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர் (மகனுக்கு 12, மகளுக்கு 9), என் மைத்துனன், ஒரு நண்பரும் அவர் மனைவியும், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 64 வயது. திருச்சியிலிருந்து மே மாதம் வருகிறார். நீச்சல் தெரியாது, காவிரியில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கியதில்லை.

என்னிடம் ஜெர்மன் கடல் படகு லைசன்ஸும் ரேடியோ சான்றிதழும் இருக்கின்றன. கீம் ஏரியில் சின்னப் பாய்மரப் படகு மூன்று கோடைகளாக ஓட்டுகிறேன். கடலில் சொந்தமாக ஓட்டியதில்லை.

கிரீஸா, குரோவேஷியாவா என்று முடிவாகவில்லை. நாலு அறை உள்ள 42 அடி கேட்டமரான் (இரண்டு உடல்களை இணைத்த படகு) பார்த்து வைத்திருக்கிறேன். ஸ்கிப்பர், அதாவது படகை ஓட்ட ஒரு ஆள், வைத்தால் கூடுதலாக 1,500 யூரோ போல வருகிறது. லைசன்ஸ் வாங்கி வைத்திருக்கிறவன் எதற்கு அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று நண்பர் கேட்கிறார். எனக்கும் நானே ஓட்ட வேண்டும் என்று ஆசைதான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வல்வையான், லண்டன் | ஜனவரி 11

வணக்கம் தம்பி. நான் வல்வெட்டித்துறை ஆள். பதினொரு வருடமாக ஒவ்வொரு கோடையும் கிரீஸ் பக்கம் படகெடுக்கிறேன்.

முதலில் கடலை முடிவு செய்யுங்கள், படகு பிறகு. குழுவில் ஆகப் பயந்த ஆளுக்கு எந்தக் கடல் பொருந்துமோ அதுதான் உங்கள் எல்லோருக்கும் உரிய கடல். உங்கள் படகில் அது அம்மா. ஆகவே கிரீஸுக்குக் கிழக்கே ஏஜியன் கடல் பக்கம், சைக்ளடீஸ் தீவுகளை இந்த முறை மறந்துவிடுங்கள். மைகோனோஸ், சாண்டோரினி படங்கள் அழகுதான். ஆனால் கோடையில் அங்கே மெல்டெமி என்கிற வடக்கத்திக் காற்று வரும். எங்கள் ஊர்ச் சோழகம் மாதிரி, தொடங்கினால் நாள்கணக்கில் விடாது. ஜூலை, ஆகஸ்டில் ஆறு, ஏழு போஃபோர்ட் (காற்றின் பலத்தைச் சொல்லும் அளவு) சாதாரணம். துறைமுகத்திலேயே மூன்று நாள் கட்டிக்கிடந்துவிட்டு விமானம் ஏறினவர்களை எனக்குத் தெரியும்.

மேற்குக் கரையில் ஐயோனியன் கடல் வேறு மாதிரி. காலையில் காற்றே இராது, கண்ணாடி போலக் கிடக்கும். மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்கு வடமேற்கிலிருந்து மைஸ்ட்ரோ எழும்பும். நாலு போஃபோர்ட், சில நாள் ஐந்து. பொழுது சாய்ந்ததும் படுத்துவிடும். லெஃப்கடா, மெகனிசி, இதாகா, கெஃபலோனியா எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கிற தீவுகள். ஒரு நாளைக்கு 10 முதல் 15 கடல் மைல் ஓடினாலே அடுத்த ஊர் வந்துவிடும். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். மோட்டாரில் ஆறு நாட், அதாவது மணிக்கு ஆறு கடல் மைல், வேகத்தில் போனாலும் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். பிரெவெசா விமான நிலையத்தில் இறங்கினால் லெஃப்கடா மரினா (படகுத்துறை) டாக்ஸியில் அரை மணித் தூரம்.

ஸ்கிப்பர் விஷயம் நிதானமாகக் கதைக்க வேண்டியது. பிறகு எழுதுகிறேன்.

காற்றாடி, ஹம்பர்க் | ஜனவரி 12

ஒரு மாற்றுக் கருத்தும் இருக்கட்டும். எதற்கு கேட்டமரான்? பாய்மரப் படகு ஓட்டுவதன் சுகமே படகு சாய்ந்து, சுக்கான் வழியாகக் காற்று கைக்கு வருவதில்தான் இருக்கிறது. கேட்டமரான் காற்றுக்கு எதிரே ஒழுங்காக ஏறாது. எதிர் அலை வந்தால் இரண்டு உடல்களுக்கும் நடுவே உள்ள தளத்தின் அடியில் தண்ணீர் மடார் மடாரென்று அறையும், உள்ளே இருப்பவர்கள் பயந்துபோவார்கள். அதே வாரத்துக்கு 45 அடி மோனோஹல் (ஒற்றை உடல் படகு) எடுத்தால் வாடகை ஏறக்குறைய பாதிதான் வரும். குரோவேஷிய மரினாக்களில் கேட்டமரானுக்குக் கட்டுமிடக் கட்டணமும் அதிகம், இரண்டு படகின் அகலத்தை அது எடுத்துக்கொள்கிறதே.

நான் குரோவேஷியாவின் ஸ்பிளிட்டிலிருந்து மூன்று முறை போயிருக்கிறேன். ஹ்வார், விஸ், கோர்ச்சுலா. விஸ் தீவு 1989 வரை யூகோஸ்லாவிய ராணுவத்தின் கையில் இருந்தது. வெளிநாட்டினருக்கு அனுமதியே கிடையாது. அதனால்தானோ என்னவோ இன்றும் அங்கே ஒரு அமைதி மிச்சமிருக்கிறது. குரோவேஷியாவில் இன்னொரு வசதி, பல சின்ன வளைகுடாக்களில் உணவகக்காரர்களே மிதவை போட்டிருப்பார்கள். அவர்களிடம் சாப்பிட்டால் இரவு அதில் கட்டிக்கொள்ளலாம், நங்கூரக் கவலை இல்லை. காற்றில் மட்டும் கவனம் வேண்டும். புரா என்கிற வடகிழக்குக் காற்று மலையிலிருந்து திடீரென்று இறங்கும்.

ரேவதி, ரோட்டர்டாம் | ஜனவரி 12

காற்றாடி சொல்வது ஓட்டுகிறவருக்குச் சரி. ஆனால் முகில் கூட்டிப் போவது 64 வயது அம்மாவையும் 9 வயது மகளையும். நாங்கள் இரண்டு வகையிலும் போயிருக்கிறோம். மோனோஹல்லில் படகு சாய்ந்ததும் என் மாமியார் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட கையை எடுக்கவில்லை. அடுத்த வருடம் கேட்டமரானில் அதே மாமியார் நடந்துபோய்க் காபி போட்டார். அந்த வித்தியாசத்துக்கு நான் இரண்டு மடங்கு வாடகை தருவேன்.

அம்மாவுக்குப் பின்பக்க அறையைக் கொடுங்கள். ஆட்டம் குறைவு, படிகள் பக்கத்திலேயே இருக்கும். நாலு அறைக்கும் தனித்தனிக் கழிப்பறை உள்ள படகாகப் பாருங்கள், பெரியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கழிப்பறையில் காகிதம் போடக்கூடாது என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். குழாய் குறுகலானது. அடைத்தால் அதைக் கழற்றுவதில் ஒரு நாள் போய்விடும்.

பணம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது ஒருவர்தான், பொறுப்பும் அவருக்குத்தான். பதிவு செய்யும்போது பாதிப் பணம், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மீதி, இதுதான் பொதுவான வழக்கம். எங்கள் கூட்டத்தில் ஒரு குடும்பம், ஏழு வருட நெருங்கிய நட்பு, ஏப்ரலில் "வர முடியாது போலிருக்கிறது" என்றார்கள். அவர்கள் பங்கை நாங்கள் மூன்று குடும்பமும் பிரித்துக் கட்டினோம். பணம் திரும்ப வந்தது, ஆனால் அந்த நட்பு பழையபடி ஆகவே இல்லை. முன்பணத்தை எல்லோரிடமும் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். விலகினால் யார் என்ன கட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

முகில், மியூனிக் | ஜனவரி 14

எல்லோருக்கும் நன்றி. ஐயோனியன், கேட்டமரான் இரண்டும் முடிவு. ரேவதி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு அன்றிரவே எல்லோரிடமும் பணப் பேச்சை எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஸ்கிப்பர் விஷயம்தான் இன்னும் நெருடுகிறது. சார்ட்டர் (படகு வாடகைக்கு விடும்) கம்பெனியிடம் கேட்டேன். என் லைசன்ஸும், இரண்டாவதாக ஒருவர் தனக்குப் படகு அனுபவம் உண்டு என்று எழுதிக் கொடுப்பதும் போதுமாம். சட்டப்படி தடை இல்லை. வல்வையான் அண்ணா, நீங்கள் முதல் வருடம் எப்படிப் போனீர்கள்?

வல்வையான், லண்டன் | ஜனவரி 15

நானே ஓட்டினேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இதாகாவில் கியோனி என்று ஒரு சின்ன ஊர். மூன்று பக்கமும் மலை, நடுவில் குறுகலான வளைகுடா. பின்னேரம் நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கரையில் ஏற்கெனவே வரிசையாகப் படகுகள். நடுவில் ஒரு இடைவெளி. மத்தியதரைக் கடலில் படகைக் கரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் கட்ட மாட்டார்கள். கரையிலிருந்து நாலைந்து படகு நீளத்துக்கு முன்னாலேயே நங்கூரத்தை இறக்கிவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, அமரத்தை, அதாவது படகின் பின்பக்கத்தை, கரையில் கட்ட வேண்டும். கேட்டமரான் ஏழு மீட்டருக்கு மேல் அகலம். இடைவெளி எட்டரை மீட்டர் இருந்திருக்கலாம்.

அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், என் மச்சான் நங்கூரத்தை இறக்கும் ரிமோட்டோடு நின்றார். பின்னோக்கி வரத் தொடங்கினேன். பதினைந்து மீட்டர் சங்கிலி இறங்கியதும் சட்டென்று நின்றுவிட்டது. சங்கிலியை இறக்கி ஏற்றும் மின்பொறியான விஞ்சின் மின் பிரேக்கர் விழுந்துவிட்டது. அதைத் திரும்பத் தூக்கும் பொத்தான் எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஒரு வீச்சுக் காற்று இறங்கியது. கேட்டமரானுக்குத் தண்ணீருக்கு மேலே உடம்பு அதிகம், கீழே பிடிப்புக் குறைவு. பக்கவாட்டில் தள்ளத் தொடங்கினால் விறுவிறு என்று போகும். பக்கத்துப் படகின் சங்கிலிக்கு மேலே போய் நின்றோம். கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் உள்ளங்கையில் கயிறு ஓடித் தோல் உரிந்துவிட்டது. அவவின் கையில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. பக்கத்துப் படகில் இருந்த ஒரு வயதான டச்சுக்காரர் தன் ரப்பர் படகில் வந்து எங்கள் கயிற்றை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோனார்.

அடுத்த நாள் காலை நங்கூரத்தைத் தூக்கினால் அதோடு இன்னொருவரின் சங்கிலியும் வருகிறது. அதற்கு வழி இருக்கிறது. மேலே வந்த அந்தச் சங்கிலிக்கு அடியால் ஒரு கயிற்றைக் கொடுத்துப் படகில் கட்டிவிட்டு, நம் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கி விடுவித்து, பிறகு கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டால் அது கீழே போய்விடும். இரண்டு நிமிட வேலை. தெரியாத எனக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. சுற்றி எல்லாப் படகும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

தம்பி, கடலில் பாயை ஏற்றி ஓடுவது உங்களுக்கு வரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கஷ்டம் கடைசி ஐம்பது மீட்டரில். ஏரியில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. 1,500 யூரோவுக்கு ஒரு ஓட்டுநரை வாங்குவதாக நினைக்காதீர்கள். ஏழு நாள் வாத்தியார் ஒருவர் கிடைக்கிறார். "நான்தான் ஓட்டுவேன், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும்" என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். அப்படி ஆட்களை அனுப்புவார்கள். அடுத்த வருடம் ஃப்ளோட்டில்லா போகலாம். பத்துப் படகு ஒன்றாகப் போகும், வழிகாட்டிப் படகு முன்னால் போய்க் கரையில் உங்கள் கயிற்றை வாங்கிக்கொள்ளும். அதற்கடுத்த வருடம் தனியாகப் போங்கள்.

கோவளம் ஆன்டனி | ஜனவரி 16

இந்த இழையைப் படித்ததில் மனசு நிறைந்தது. என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். கேட்டமரான் என்ற பெயரே நம்முடைய கட்டுமரம்தான், கோரமண்டல் கரையில் கேட்டு ஐரோப்பியர் கொண்டுபோன சொல். ஆனால் படகு வேறு. நம்முடையது மரங்களை நெருக்கிக் கட்டியது. இரண்டு உடலை இடைவெளி விட்டு இணைக்கும் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் நம்மிடமிருந்து, உருவம் அவர்களிடமிருந்து.

தாத்தா சொல்வது ஒன்று. தண்ணீர் நிறம் மாறுவதைப் பார், காற்று உனக்கு முன்னால் தண்ணீருக்கு வந்துவிடும் என்பார். தூரத்தில் கடல் கறுத்து வந்தால் பாயைச் சுருக்க அதுதான் நேரம். உங்கள் படகுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

காற்றாடி, ஹம்பர்க் | ஜனவரி 16

ரொம்பவே பொருந்தும். மோனோஹல் சாய்ந்து எச்சரிக்கும், கேட்டமரான் சாயாது, அதனால் பாய் அதிகமாக இருப்பது உடம்புக்குத் தெரியாது. காற்றுமானியில் எண்ணைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்க வேண்டும். காற்று எத்தனை நாட் வேகம் வந்தால் முதல் சுருக்கு, எத்தனை வந்தால் இரண்டாவது என்று ஒவ்வொரு படகுக்கும் அட்டவணை இருக்கும். அதைப் படம் எடுத்துச் சுக்கான் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கோவை கார்த்தி, பிராங்க்பர்ட் | ஜனவரி 18

அம்மா விசா பற்றி. அவர் அதிக நாள் தங்கப்போவது ஜெர்மனி என்பதால் ஜெர்மன் விசாதான் கேட்க வேண்டும், கிரேக்க விசா இல்லை. அதே ஷெங்கன் விசாவில் கிரீஸ் போய் வரலாம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், எனவே இப்போதே தொடங்குங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கிரீஸில் எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு சார்ட்டர் ஒப்பந்தமும், அம்மா பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் உள்ள பயணிகள் பட்டியலும் வையுங்கள். என் மாமனாருக்கு அப்படித்தான் வைத்தோம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஒருமுறை நுழைவு விசா கிடைத்தால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய்விடக் கூடாது. கார்ஃபு தீவிலிருந்து அல்பேனியா கண்ணுக்கு எதிரே தெரியும், ஒருநாள் போய்வரலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அம்மாவால் திரும்ப உள்ளே வர முடியாமல் போகும். குரோவேஷியா 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கனில் இருக்கிறது, அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

முகில், மியூனிக் | பிப்ரவரி 2

பதிவு செய்துவிட்டேன். லெஃப்கடாவிலிருந்து லகூன் 42, சனி முதல் சனி வரை. நீளம் 12.80 மீட்டர், அகலம் 7.70, ஆழம் 1.25. ஸ்கிப்பரோடு. கியோனி கதையை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "கயிற்றைப் பிடிக்கப்போவது நான்தானே" என்றாள். அதற்குப் பிறகு விவாதம் இல்லை.

படகை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

காற்றாடி, ஹம்பர்க் | பிப்ரவரி 3

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம், படகைத் திருப்பிக் கொடுத்தபோது முக்குளிப்பவர் அடியில் போய்ப் பார்த்துவிட்டு இடது பக்கச் சுக்கான் இலையில் கீறல் என்றார். நாங்கள் எங்கேயும் தட்டவில்லை. ஆனால் வாங்கும்போது நான் தண்ணீருக்குள் பார்க்கவில்லை, என்னிடம் படம் இல்லை. சேதத்துக்காக முன்கூட்டிக் கட்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து 1,200 யூரோ போனது. மூன்று மாதம் கடிதம் எழுதியும் பலனில்லை.

அதனால் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே இறங்கிச் சுக்கான், புரொப்பல்லர் இரண்டையும் வீடியோ எடுங்கள். பாயை முழுதாக ஏற்றிப் பார்த்துக் கிழிசல் இருந்தால் எழுதி வாங்குங்கள். ரப்பர் படகின் மோட்டாரை நீங்களே கயிறிழுத்து முடுக்குங்கள், அவர்கள் முடுக்கிக் காட்டினால் போதாது. உயிர்காப்பு உடைகளை எண்ணுங்கள், குழந்தை அளவை மின்னஞ்சலில் முன்பே கேளுங்கள். சங்கிலியில் எத்தனை மீட்டருக்கு என்ன நிறக் குறி என்று கேளுங்கள். வல்வையான் சொன்ன அந்த விஞ்ச் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேளுங்கள். பல படகுகளில் அது ஏதோ ஒரு அறையின் படுக்கைக்கு அடியில் இருக்கும். வேலை நிறைய, ஆனால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் அவசரப்படுத்தும்போது நீங்கள் அவசரப்படாதீர்கள்.

ரேவதி, ரோட்டர்டாம் | மே 20

கிளம்பும் நேரம் வந்துவிட்டதே முகில். சமையலுக்கு மூன்று லிட்டர் சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள், படகில் இருக்காது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரசப்பொடி, ஊறுகாய். அரிசி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஓடும் படகில் எண்ணெய்ச் சட்டி வைக்கவே வேண்டாம். அப்பளம்கூடக் கரையில் கட்டிய பிறகுதான். வாந்தி மாத்திரை போடுவதென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு முந்தின இரவே போட வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. குமட்டினால் உள்ளே போய்ப் படுக்க விடாதீர்கள். வெளியே உட்கார வைத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முகில், மியூனிக் | ஜூன் 26

போய் வந்துவிட்டோம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்கிப்பர் ஐம்பது வயதுக்காரர், அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் லெஃப்கடா கால்வாயில் மிதவைக் குறிகளுக்கு நடுவே மெல்ல ஓட்டி வெளியே வந்து, மெகனிசியில் அபெலிக் என்ற வளைகுடாவில் நங்கூரம் போட்டோம். சாப்பிட்டதும் எல்லோரும் நீந்தப் போவார்கள் என்று நினைத்தேன். அவர் ஒரு ஃபென்டரை (படகு இடிபடாமல் பக்கவாட்டில் தொங்கவிடும் மிதவை) தண்ணீரில் தூக்கிப் போட்டு, "அதுதான் கரை. பின்னோக்கி வந்து தொடு" என்றார். சுக்கானை நடுவில் வைத்துவிட்டு அதைத் தொடவே விடவில்லை. இரண்டு எஞ்சினாலும் மட்டும்தான். இடது முன்னே, வலது பின்னே, படகு நின்ற இடத்திலேயே திரும்பியது. ஒன்றரை மணி நேரம். முதல் பத்துத் தடவை ஃபென்டரைத் தாண்டிப் போனேன். பதினோராவது தடவை அமரத்தின் படிக்கட்டில் அது வந்து மெதுவாக இடித்தது. மகன் குனிந்து அதை எடுத்தான்.

மூன்றாம் நாள் கியோனி. வல்வையான் அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டே போனேன். மதியம் ஒரு மணிக்கே போய்விட்டோம், காற்று எழும்பும் முன். நான் ஓட்டினேன், அவர் என் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மைத்துனன் சங்கிலிக் குறிகளைச் சத்தமாக எண்ணினான். மனைவி கயிற்றை உள்ளங்கையில் சுற்றாமல், படகில் கயிறு கட்டும் கட்டைக் கொம்பில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்தாள், காலையில் ஸ்கிப்பர் சொல்லிக் கொடுத்த மாதிரி. கட்டி முடித்த பிறகுதான் என் கால் நடுங்குவதைக் கவனித்தேன். நாலரை மணிக்கு மலையிலிருந்து காற்று இறங்கியது. அந்த நேரத்தில் நுழைந்த இரண்டு படகுகள் பட்ட பாட்டைப் பார்த்தோம். எங்கள் ஸ்கிப்பர் ஒன்றும் பேசாமல் ரப்பர் படகை இறக்கிக்கொண்டு அவர்கள் கயிற்றை வாங்கப் போனார்.

ஃபிஸ்கார்டோவில் கரையில் இடமில்லை. வளைகுடாவின் வடக்குப் பக்கம் நங்கூரம் போட்டு, மைத்துனன் மிதக்கும் கயிற்றோடு நீந்திப்போய்ப் பாறையில் கட்டினான். பாறையெல்லாம் கடல் முள்ளெலி, காலில் செருப்பு அவசியம். 1953 நிலநடுக்கத்தில் கெஃபலோனியா தீவே தரைமட்டமானபோது பெரிதாகச் சேதமில்லாமல் தப்பிய ஊர் ஃபிஸ்கார்டோ. பழைய வெனிஸ் காலத்து வீடுகள் அங்கேதான் மிச்சம். இரண்டு நாள் கழித்து கலமோஸ் தீவில் போர்ட்டோ லியோனே போனோம். அதே நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் விட்டுப்போன ஊர் அது. கூரையில்லாத வீடுகளுக்குள் ஆலிவ் மரம் வளர்ந்து நிற்கிறது. அம்மா ஒரு வீட்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றார். "அடுப்படி எங்கே இருந்திருக்கும் பார்" என்று காட்டினார். சரியாகக் கண்டுபிடித்துவிட்டார், சுவரில் புகைக் கறை இருந்தது.

நாலாம் நாள் மட்டும் காற்று 24 நாட் போனது. கிளம்பும் முன்பே இரண்டு சுருக்கு. இதாகாவுக்கும் கெஃபலோனியாவுக்கும் நடுவில் அந்தக் காற்று குழாயில் வருவது போல வருகிறது. ஆன்டனி அண்ணா சொன்ன மாதிரி, தண்ணீர் கறுத்து வருவதை மகள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள். இந்த இழையை நான் வீட்டில் வாசித்திருந்தேன், அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

அம்மா முதல் இரண்டு நாள் உயிர்காப்பு உடையைக் கழற்றவே இல்லை. சாப்பிடும்போதும் அதோடுதான். காஸ்டோஸ் தீவில், காற்றில்லாத ஒரு காலையில், பின்படிக்கட்டில் உட்கார்ந்து கணுக்கால் வரை தண்ணீரில் விட்டார். கீழே எட்டு மீட்டர் ஆழம், மணல் தெரிகிறது. காபி டம்ளர் கையில். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். நாங்கள் யாரும் பேசவில்லை.

துளசி, பாரிஸ் | ஜூன் 27

படிக்கப் படிக்க கண் கலங்கிவிட்டது. நாங்களும் அடுத்த ஜூன் பார்க்கிறோம். மொத்தச் செலவு எவ்வளவு ஆனது, எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?

முகில், மியூனிக் | ஜூன் 27

தாராளமாக. படகு 5,200 யூரோ, ஸ்கிப்பர் நாளுக்கு 210 வீதம் 1,470. சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு, எரிவாயு, ரப்பர் படகின் மோட்டார் எல்லாம் சேர்த்து 350. முன்வைப்புத் தொகைக்கான காப்பீடு 400. டீசல் 160, இரண்டு எஞ்சினும் சேர்ந்து ஓடியது வாரம் முழுக்கப் பதினெட்டு மணி நேரம்தான். கட்டுமிடக் கட்டணம் 90. சாப்பாடு, மளிகை 700. மொத்தம் 8,370. பிள்ளைகளுக்கு அரைப் பங்கு என்று ஏழு பங்காகப் பிரித்தோம், ஒரு பங்கு 1,195 பக்கம் வந்தது. விமானம் தனி. ஸ்கிப்பருக்கும் சேர்த்துத்தான் சமைக்க வேண்டும், அதை மளிகைக் கணக்கில் வையுங்கள். தூங்க அவருக்கு அணியத்தில் தனிச் சின்ன அறை இருந்தது. படகு தேடும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கூடத்தில்தான் படுப்பார், பாவம்.

வல்வையான், லண்டன் | ஜூன் 28

மகள் கடல் கறுத்து வந்ததைச் சொன்ன இடத்தை மனைவிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அடுத்த வருடம் ஃப்ளோட்டில்லாவா தம்பி?

முகில், மியூனிக் | ஜூன் 28

ஆமாம் அண்ணா, செப்டம்பர் பள்ளி திறக்கும் முன் ஒரு வாரம் பார்க்கிறேன். ஸ்கிப்பர் விடைபெறும்போது, "அந்த ஃபென்டரை எடுத்துப் போய் ஏரியில் போட்டுப் பழகு" என்றார். படகின் ஃபென்டரை எடுக்க முடியாதே, இங்கே வந்து ஒன்று வாங்கிவிட்டேன். அம்மா ஜூலை கடைசியில் திருச்சி திரும்புகிறார். இந்தச் சனிக்கிழமை எங்களோடு ஏரிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.